பின்னால் வரும் வள்ளம்

வவுனியாவின் குருமன்காட்டில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமிருக்கவில்லை. மதிலில் நீல மையால் ‘கணனி வகுப்பு’ என்று எழுதியிருந்தது. சுமித்திரா சைக்கிளைச் சாத்திவிட்டுப் படலையைத் தள்ளினாள். சித்திரை வெயிலில் முற்றத்து மணல் வெளுத்துக் கிடந்தது. ஒரு காலத்தில் அது அரிசி ஆலை முதலாளியின் வீடு. அவர் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இப்போது 2001. சுவர்களில் இன்னும் உமியின் மணம் இருந்தது.

வகுப்பை நடத்திய தங்கராசா மாஸ்டர் அவளுடைய நெற்றிப் பொட்டையும் தாலிக்கொடியையும் பார்த்தார்.

"அவர் என்ன செய்யிறார், பிள்ளை?"

"கிளாலியிலை காணாமல் போனவர், மாஸ்டர்."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. வவுனியாவில் அந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வெளிநாடு போகும் கனவோடு வரும் பெண்களுக்குத் தட்டச்சுப் பழக்குவதுதான் அவளுடைய வேலை. காலை வகுப்புக்கும் பின்நேர வகுப்புக்கும் இடையில் வீடு வெறுமையாகிவிடும். மாஸ்டர் சாப்பிட்டுப் படுக்கப் போய்விடுவார். அவளும் மற்ற ஆசிரியனான கோகுலனும் மட்டும் இருப்பார்கள். வெயிலுக்குத் தப்ப இருவரும் பின் அறைக்குப் போவார்கள்.

முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை அது. அதன் யன்னலுக்கு வெளியே இராணுவக் காவலரண் ஒன்று இருந்ததாம். காவலரணை எடுத்துவிட்டார்கள். யன்னலை மறைத்து அடுக்கிய மண்மூட்டைகளை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நடுப்பகலிலும் அந்த அறை இருட்டு. எலிப்புழுக்கையும் ஈரச் சாக்கும் கலந்த மணம். மூலையில் மேசை, அதன்மேல் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாத பழைய கணனி. அதில் ஒரு விளையாட்டு இருந்தது.

"நீர்மூழ்கிக் கப்பல், அக்கா," என்றான் கோகுலன். "நீங்கள்தான் கப்டன். மேலே எதிரியின்ரை கப்பல்கள். அவங்கள் உங்களைத் தேடுவாங்கள். நீங்கள் அடியிலை போய் அடிக்க வேணும்."

"அடிக்காட்டி?"

"அடிக்காட்டி என்ன விளையாட்டு?"

அவன் அடித்தான். ஒவ்வொரு முறையும் குண்டைச் செலுத்திவிட்டுக் கதிரையில் துள்ளினான். ஒவ்வொரு முறையும் எதிரிகள் அவனைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள்.

சுமித்திரா வேறு மாதிரி விளையாடினாள். தூரத்தில் ஒரு கப்பலின் சத்தம் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்தினாள். கப்பலை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் கடலின் அடியில் படுக்கவிட்டாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். போர்க்கப்பல் தலைக்கு மேல் வந்தது. அதன் விசிறி தண்ணீரைப் பிசையும் சத்தம். தேடும் ஒலி, கிண், கிண் என்று இரும்பில் தட்டுவது போல. அவள் மூச்சையும் அடக்கினாள். பிறகு அந்தச் சத்தம் தேய்ந்தது. கப்பல் போய்விட்டது.

"நீங்கள் கப்டன் எண்டால் சண்டையே முடிஞ்சிடும், அக்கா," என்று கோகுலன் சிரித்தான். "ரெண்டு பக்கமும் ஒளிச்சிருந்து கொட்டாவி விட வேண்டியதுதான். ஒரு புள்ளியும் கிடைக்காது, பாருங்கோ. பூச்சியம்."

"பூச்சியம் போதும்."

தேடி வந்தவர்கள் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போவதைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைப் பார்த்தபின் சிறிது நேரம் உடம்பு தளரும். பல வருடங்களாக நித்திரை தராத ஒன்றை அந்த இருட்டறை தந்தது.

கிளாலிக் கடலை அவர்கள் கடந்தது தொண்ணூற்று மூன்றில். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வர அப்போது வேறு பாதை இருக்கவில்லை. ஒரு வள்ளத்தில்தான் இயந்திரம் இருக்கும். மற்ற வள்ளங்களைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுப்பார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முன் வள்ளத்தில் ஏற்றினார்கள். அவளுடைய கணவன் கதிர்காமநாதன் கடைசி வள்ளத்தில் ஏறினான். அது பழைய வள்ளம், தண்ணீர் ஊறும். இறைப்பதற்கு ஒரு தகரப்பேணியை அவனுடைய கையில் கொடுத்தார்கள். அவன் அதைத் தூக்கி அவளுக்குக் காட்டிச் சிரித்தான்.

வள்ளமோட்டி வீரகத்தி எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொன்னார். "இயந்திரம் நிண்டால் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. நேவிக்காரன் சத்தத்துக்குத்தான் வருவான். கயிறு அறுந்தாலும் கூப்பிடாதேங்கோ. நான் வந்து எடுப்பன்."

நடுக்கடலில் நேவியின் வெளிச்சம் ஒன்று அவர்கள் பக்கம் திரும்பியது. வீரகத்தி இயந்திரத்தை நிறுத்தினார். வெடி கேட்டது. பிறகு வள்ளங்கள் இருட்டில் ஓடின. கரை சேர்ந்தபோது கடைசி வள்ளம் இருக்கவில்லை.

ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

*

சுமித்திராவும் மாமியார் வடிவம்மாவும் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். பூநகரி, கிளிநொச்சி, மாங்குளம், பிறகு முகாம், கடைசியில் இந்த அறை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுப் போகாததற்கு ஒரே காரணம், இருவரும் காத்திருந்தது ஒருவனுக்காக.

அன்று பின்நேரம் மாமி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"உன்ரை அண்ணன் திரும்பவும் கோல் எடுத்தவன். கனடாவிலை இருக்கிற அந்தாள் நல்ல மனுசனாம். பெண்சாதி செத்தவராம். முதல் கலியாணத்தின்ரை காரியம் முடிஞ்சிருக்க வேணும் எண்டு மட்டும்தான் கேட்கிறாராம்."

"என்ன காரியம், மாமி?"

"தெரியாத மாதிரிக் கேளாதை. அந்தியேட்டி. வாற அமாவாசைக்கு ஐயரோடை கதைச்சிட்டன். பஸ்ஸிலை போய், ரவுணுக்கு வெளியிலை இருக்கிற குளத்தடிப் பிள்ளையார் கோயிலிலை செய்வம்."

அந்தியேட்டி செத்தவருக்குச் செய்யும் கடைசிக் கிரியை; காணாமல் போனவருக்குச் செய்வதில்லை. உடல் வேண்டும், இல்லாவிட்டால் செத்ததைக் கண்ட ஒருவராவது வேண்டும். மாமிதான் இத்தனை வருடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர். யாராவது ‘செத்த’ என்று வாயெடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

"அவர் செத்திட்டார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, மாமி?"

மாமி கீரைத் தண்டை நகத்தால் கிள்ளினார்.

"தெரியாது, பிள்ளை. அதுதான் களைப்பு. எனக்கு இனி ஏலாது. உன்னை எங்கையாவது அனுப்பிப்போட்டுப் படுக்க வேணும். நீதான் ஐயருக்குப் பேர் சொல்ல வேணும். பெண்சாதி வாயாலை சொன்னால்தான் அவனுக்கு விளங்கும்."

அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் செத்துவிட்டான் என்று தெரிந்தால் சுமித்திரா பேர் சொல்லிவிடுவாள். அவளுக்கும் களைத்துப் போயிருந்தது. இருக்கிறானா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

*

அடுத்த நாள் மதியம் அவள் வழக்கம்போலக் கடலின் அடியில் படுத்திருந்தாள்.

அந்த விளையாட்டில் ஒலி கேட்கும் கருவி ஒன்று உண்டு. முள்ளை நான்கு பக்கமும் திருப்பினால் எந்தத் திசையில் எந்தக் கப்பல் என்று காது சொல்லும். நேர் பின்பக்கம் மட்டும் எதுவும் கேட்காது. சொந்த விசிறியின் சத்தம் அதை மூடிவிடும். அன்று இயந்திரம் நின்றிருந்தது. போர்க்கப்பல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் காரணமில்லாமல் முள்ளைப் பின்னால் திருப்பினாள்.

சர்ர்க்.

பிறகு தண்ணீர் விழும் சத்தம்.

சர்ர்க்.

மரத்தில் தகரம் உரசும் சத்தம். தண்ணீரை அள்ளி வெளியே வீசும் சத்தம். அவசரமில்லாமல், நிறுத்தாமல், கை ஓய்ந்துபோன ஒருவர் செய்வது போல.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அறை அமைதியாக இருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்ப மாட்டினாள்.

சர்ர்க்.

"கோகுலன். இதை ஒருக்கால் கேளுங்கோ."

அவன் பாதி வடையோடு வந்து ஒரு காதில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"பேணியாலை சுரண்டுற மாதிரிக் கிடக்கு."

"முந்தி இது கேட்டிருக்கிறதோ?"

"இல்லை, அக்கா. இந்த விளையாட்டிலை அப்பிடி ஒரு சத்தம் இல்லை." அவன் திரையைப் பார்த்தான். "இது குளிர்க்கடல். பெரிய கப்பல்கள் ஓடுற இடம். இங்கை ஆர் வந்து வள்ளம் இறைக்கிறது?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"வள்ளம் எண்டு நான் சொல்லேல்லையே," என்றாள் சுமித்திரா.

அவன் ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு முன் அறைக்குப் போனான். வடையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதன்பிறகு அவன் பின் அறைக்கு வரவில்லை. வாசலில் நின்று, "அக்கா, தேத்தண்ணி," என்று மட்டும் சொல்வான். அவள் தனியாக விளையாடினாள். விளையாட்டை அழித்துப் புதிதாகத் தொடங்கினாள். வேறு கடலைத் தெரிவு செய்தாள். எங்கே போனாலும், எவ்வளவு வேகமாக ஓடினாலும், இயந்திரத்தை நிறுத்தி முள்ளைப் பின்னால் திருப்பியதும் அது இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எப்போதும் ஒரே தூரம்.

ஒரு கயிற்றின் நீளம்.

ஒருநாள் அவள் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தினாள். மிக மெதுவாக. சத்தம் நெருங்கி வந்தது. தண்ணீருக்குள் யாரோ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. இன்னும் நெருங்கினாள்.

தகரம் நின்றது.

அவளுடைய கை விசைப்பலகையில் அப்படியே இருந்தது. இது அவளுக்குத் தெரிந்த நிறுத்தம்.

கடலைக் கடந்த அடுத்த கிழமை, பூநகரிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவளைத் தேடி வீரகத்தி வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார். தான் திரும்பிப் போனதாகச் சொன்னார். இயந்திரமில்லாமல், துடுப்பால் வலித்து, விடியும்வரை தேடினாராம். நேவிக்குப் பயந்து வாய் திறக்கவில்லையாம். ஓரிடத்தில் இருட்டுக்குள் யாரோ தண்ணி இறைக்கும் சத்தம் கேட்டதாம்.

"கிட்டப் போனன், தங்கச்சி. சத்தம் டக்கெண்டு நிண்டிட்டுது. நேவிக்காரன் காத்திருக்கிறானோ எண்டு நினைச்சன். நான் கூப்பிடேல்லை. அவையும் கூப்பிடேல்லை. நான்தானே கூப்பிடாதேங்கோ எண்டு சொன்னனான்."

ஒருவரையொருவர் தேடிய இரண்டு வள்ளங்கள் கைக்கெட்டும் தூரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்றையொன்று கடந்து போயிருந்தன.

*

அமாவாசைக்கு முதல் நாள் மதியம் சுமித்திரா பின் அறைக் கதவைச் சாத்தினாள்.

திரையில் கறுத்த கடல் விரிந்தது. இரண்டு போர்க்கப்பல்கள் தேடிக்கொண்டிருந்தன. அவள் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தாள். ஒன்று தலைக்கு மேலாகப் போனது. மற்றதும் போனது. இரண்டின் சத்தமும் தேய்ந்தன. முள்ளைப் பின்னால் திருப்பினாள். தகரம் சுரண்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பின்னால் போனாள்.

நின்றது.

இப்போது மிக அருகில். பலகையில் தண்ணீர் தட்டுவது கேட்டது. பலபேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி கேட்டது.

கூப்பிட்டால் போதும். அன்று யாராவது ஒருவர் கூப்பிட்டிருந்தால் போதும்.

அந்தக் கணனியில் குரலை வாங்கும் கருவி எதுவும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கச் சிரமமாக இருந்தது. எட்டு வருடங்களாக மூடியிருந்த ஒன்றைத் திறப்பது போல.

"இஞ்சருங்கோ," என்றாள்.

அமைதி.

"இஞ்சருங்கோப்பா. நான்தான். சுமி. பயப்பிடாதேங்கோ. எல்லாம் முடிஞ்சுது. பதில் சொல்லுங்கோ."

திரையின் மூலையில் தூரப் போய்க்கொண்டிருந்த போர்க்கப்பல் திரும்பியது.

அவள் அதைப் பார்த்தாள். விசையைத் தொடவில்லை. இயந்திரம் ஓடவில்லை. கப்பல் எதைக் கேட்டுத் திரும்பியது?

மற்றதும் திரும்பியது.

கிண்.

ஹெட்போனுக்குள் ஒரு வயதானவர் கிசுகிசுத்தார். "ஆர் உது? வாயை மூடச் சொல்லு."

"பொம்பிளைக் குரல்."

"அவங்கள் அப்பிடித்தான் கூப்பிடுவாங்கள். ஆளை வைச்சுக் கூப்பிடுவாங்கள். ஒருத்தரும் அசையாதேங்கோ."

கிண். கிண்.

"கதிர்காமநாதன்," என்றார் இன்னொருவர், மிக மெதுவாக. "உன்னைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்குது. சுமி எண்டு கேட்டுது. உன்ரை மனிசியோ?"

நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் குரல். தொண்டை காய்ந்த, களைத்த குரல்.

"சுமி கூப்பிடமாட்டாள். அவளுக்குத் தெரியும்."

கிண். கிண். கிண்.

விசிறிகளின் சத்தம் நேர் மேலே வந்தது. ஏதோ தண்ணீரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் காதுகளைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து கீழே சரிந்தாள். திரை சிவந்தது, கறுத்தது. கப்பல் மூழ்கிவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

கதவு திறந்தது. கோகுலன் ஓடிவந்து செருகியைப் பிடுங்கினான்.

"என்ன அக்கா இது? வீடு முழுக்கக் கேட்டுது!"

"நான் கூப்பிட்டதோ?"

"நீங்கள் இல்லை," என்றான். "ஆம்பிளையள். கன பேர். கத்தினது."

*

அமாவாசையன்று காலை குளத்தில் அலையில்லை. கட்டின் ஓரமாக ஐயர் தர்ப்பை பரப்பி, எள்ளும் தண்ணீரும் வைத்தார். மாமி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சுமித்திராவுக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நேற்று நடந்ததை அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் இருக்கிறார், மாமி. இன்னும் இறைத்துக்கொண்டிருக்கிறார். நான் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இதில் எதைச் சொல்ல?

இரவெல்லாம் ஒரு விடயம்தான் மனதில் ஓடியது. அவன் அவளை நம்பியிருந்தான். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று நம்பியிருந்தான்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லுங்கோ, அம்மா. சத்தமாய்ச் சொல்ல வேணும்."

சுமித்திரா உதட்டைப் பிரிக்கவில்லை.

"பிள்ளை," என்றார் மாமி. "சொல்லு."

நீர்க்காகம் ஒன்று குளத்துக்கு மேலாகப் போனது.

"சொல்லு பிள்ளை. எனக்காகச் சொல்லு. இண்டைக்கு ஒருநாள்."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அப்ப நான் சொல்லுறன். பெத்தவள் சொன்னாலும் சரிதானே, ஐயா? என்ரை மகன்..."

"உஷ்."

மாமியின் முதுகுக்குப் பின்னால், மிக அருகில்.

மாமியின் வாய் திறந்தபடி நின்றது. ஐயர் தலையைத் தூக்கி மாமியின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். குளக்கட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறுமையாக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

"ஆரது?" என்றார் ஐயர்.

மாமி மெல்லக் கையை உயர்த்தித் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து விரல்களில் இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயர் எள்ளைக் குளத்தில் விடவில்லை. வாழையிலையை மடித்தார்.

"இதை இருக்கிற ஒருவருக்கு நான் செய்யேலாது, அம்மா," என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "கொண்டு போங்கோ."

எதைக் கொண்டு போகச் சொன்னார் என்று இருவரும் கேட்கவில்லை.

திரும்பிப் போகும் வவுனியா பஸ் மதியத்துக்கு முன் வந்தது. கூட்டம். மூன்று பேர் இருக்கும் இருக்கை ஒன்றுதான் காலி. மாமி யன்னலோரம் இருந்தார். சுமித்திரா பக்கத்தில் இருக்கக் குனிந்தபோது மாமி நடு இடத்தில் உள்ளங்கையை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். சுமித்திரா ஒன்றும் கேட்காமல் இருக்கையின் வெளி ஓரத்தில், பாதி உடம்பு வெளியே நிற்க, தொற்றிக்கொண்டு இருந்தாள். பஸ் முழுக்க ஆட்கள் நின்றார்கள். அந்த நடு இடத்தை யாரும் கேட்கவில்லை.

கனடாவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள். களைப்பு மட்டும் இருந்தது.

நடத்துனர் ஆட்களை நெருக்கிக்கொண்டு வந்தான். அவளுடைய பக்கத்தில் நின்று, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்தபடி, நடு இடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணை, கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. அக்கா விழப்போறா."

அவளுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.